பக்கத்து மேசைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, செட் தேர்வும் தேறி, ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தச் சேர்ந்திருக்கிறீர்கள். மில்டனிலும் ஜார்ஜ் எலியட்டிலும் தோய்ந்துவிட்டு வந்தவருக்கு, மின்னஞ்சல் எழுதும் முறையையும் எட்டுப் பரிந்துரைகளையும் நடத்துவது எவ்வளவு வறட்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். படித்த இலக்கியத்துக்கு இங்கே வேலையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். உங்களைப் போன்றவர்கள் தமிழ்நாடு முழுக்க எஸ் அண்ட் ஹெச் துறைகளில் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான் கணக்கு வாத்தியார். எம்-ஒன், எம்-டூ, எம்-த்ரீ என்று பிள்ளைகள் சொல்லும் தாள்களை நடத்தியே ஓய்வு பெற்றவன். கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் நான்கையும் ஒரே துறையாக வைக்கும் வழக்கத்தால், எனக்குப் பக்கத்து மேசையில் எப்போதும் ஓர் ஆங்கில ஆசிரியர் இருந்தார். நம் இருவரையும் கல்லூரி துணைப்பாடக்காரர்களாகவே பார்க்கிறது என்பது உண்மை. அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த ஒரே அறை நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு என்று நம்புகிறேன். கணக்கு வகுப்பில் பிள்ளைகள் தோற்பதில் பெரும்பகுதி, வாசிப்பில் தோற்பதுதான். ஒரு வாக்கியத்தை நிறுத்தி, எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று பார்க்க உங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒரு சானெட்டின் 14 வரிகளில் ஒரு மணி நேரம் நிற்கத் தெரிந்தவர் நீங்கள். கணக்கு வாத்தியார்களுக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. இலக்கியம் உங்களுக்குக் கொடுத்ததில் எங்கள் வகுப்புக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான்.

முதல் பருவத்து அணிகள், நுண்கணிதத் தாளில் அடிக்கடி வரும் ஒரு 16 மார்க் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த அணிக்குக் கேலி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, அதிலிருந்து நேர்மாறு அணியைக் காணச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது ‘வெரிஃபை’ என்று தொடங்கும். நடுவில் ‘ஹென்ஸ்’ வரும். பிள்ளை தேற்றத்தைச் சரிபார்த்து முடிக்கும். பிறகு புதிய பக்கத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபடி அணிக்கோவை, சேர்ப்பு அணி எல்லாம் கண்டு நேர்மாறை எழுதும். விடை சரியாகவே இருக்கும். ஆனால் கேள்வி அதைக் கேட்கவில்லை. முன்பாதியில் கிடைத்த சமன்பாட்டை நேர்மாறால் ஒருமுறை பெருக்கினால் சில வரிகளில் விடை வந்துவிடும். தேற்றத்தின் பயன் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இருந்த உறவைப் பிள்ளை வாசிக்கவில்லை. கணக்கு தெரியாததால் போன மார்க் இல்லை அது.

அந்தக் கேள்வியின் முதல் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆர்தர் கேலி 1858ல் இந்தத் தேற்றத்தை வெளியிட்டபோது சிறிய அணிகளுக்குச் சரிபார்த்தார். எல்லா அளவு அணிகளுக்குமாக நிறுவவில்லை. பொது நிறுவல் 1878ல் ஃப்ரோபீனியஸிடமிருந்து வந்தது. சரிபார்த்ததற்கும் நிறுவியதற்கும் இடையே 20 ஆண்டுகள். எம்-ஒன் எழுதும் பிள்ளைகளில் பலருக்கு இரண்டும் ஒன்றுதான். ‘வெரிஃபை’, ‘புரூவ்’, ‘ஷோ தட்’, ‘டெட்யூஸ்’ ஒவ்வொன்றும் வேறு வேலையைக் கேட்கிறது என்பதை நிதானமாகச் சொல்லிக் கொடுக்க, ஐந்து அலகுகளை முடிக்க ஓடும் கணக்கு ஆசிரியருக்கு நேரம் இருக்காது. உங்கள் பாடமே அதுதான்.

இதைவிட ஆழமான சிக்கல் நிபந்தனை வாக்கியங்களில் இருக்கிறது. தமிழில் நிபந்தனை முன்னே வரும், முடிவு பின்னே வரும். ஆங்கிலத்தில் இரண்டும் இடம் மாறும். ‘இஃப்’ வாக்கியத்தின் நடுவில் வந்து நிற்கும். ‘ஒன்லி இஃப்’ என்று வந்தால் திசையே மாறிவிடும். ஒரு சார்பு தொடர்ச்சியாக இருந்தால்தான் அதை வகையிட முடியும் என்பதை ஆங்கிலத்தில் ‘ஒன்லி இஃப்’ வைத்து எழுதிக் கொடுங்கள். தொடர்ச்சியான சார்பையெல்லாம் வகையிடலாம் என்று படித்துவிட்டு நிமிரும் முகங்கள் நிறைய இருக்கும். மட்டுச் சார்பு பூச்சியத்தில் தொடர்ச்சியாக இருந்தும் அங்கே அதை வகையிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்த உதாரணம்தான். வாக்கியம் அவர்களை ஏமாற்றிவிடுகிறது.

அதே பிள்ளைகளிடம் தமிழில் கேளுங்கள். ‘மழை பெய்தால் விடுமுறை’, ‘மழை பெய்தால்தான் விடுமுறை’ இரண்டும் ஒன்றா? ஒருவர்கூடத் தவறமாட்டார். முதலாவதில் மழை பெய்தாலே போதும். மழையில்லாத நாளிலும் வேறு காரணத்தால் விடுமுறை வரலாம். இரண்டாவதில் மழை இல்லையென்றால் விடுமுறை இல்லை; ஆனால் மழை பெய்த நாளெல்லாம் விடுமுறை என்று உறுதி சொல்லவில்லை. போதுமான நிபந்தனை, தேவையான நிபந்தனை என்று நாங்கள் பெயரிட்டு நடத்தும் முழுப் பாடமும் இந்தப் பிள்ளைகளின் வாயில் ஐந்து வயதிலிருந்தே இருக்கிறது. தர்க்கம் அவர்களிடம் குறைவில்லாமல் இருக்கிறது. அதை ஆங்கில வாக்கியத்துக்குள் கொண்டுபோக ஆள்தான் தேவை. அந்த ஆள் இலக்கணமும் இலக்கியமும் படித்த நீங்கள்தான்.

ஆகவே, ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று யாராவது சொன்னால் பணிவாகக் கேட்டுக்கொண்டு, உங்கள் அறிவின்படி நடந்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021ல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது என்றாலும், தமிழில் படித்துவிட்டு ஆங்கில வழி வகுப்புக்குள் வருகிறவர்கள்தான் அதிகம். அணிக்கோவை, தொகையிடல், நிகழ்தகவு என்று தெளிவாகப் படித்தவர்கள், முதல் சில வாரங்கள் வாய் திறக்கமாட்டார்கள். அந்த மௌனத்தை ‘வீக் ஸ்டூடண்ட்’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவது மிக எளிது. கணக்கின் வழிமுறையை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நேர்மையான ஆங்கிலப் பயிற்சி இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. வாக்கியத்தைத் தேடினால் போதும்.

இதற்குப் பாடத்திட்டத்தில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. வரையறை எழுதுதல் என்று ஒரு பயிற்சி உண்டு. பிள்ளைகள் அதில் மைக்ரோஸ்கோப்பையும் கால்குலேட்டரையும் வரையறுப்பார்கள். அணியின் தரத்தை வரையறுக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லை நீக்கினால் வரையறை உடைந்துவிடும் என்பதை அங்கேதான் உணர்வார்கள். செயல்முறை விளக்கம் என்று இன்னொன்று. காகிதம் தயாரிப்பது பற்றிக் கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். நியூட்டன்–ராப்சன் முறையில் ஒரு மூலத்தை எப்படி நெருங்குகிறோம் என்று செயப்பாட்டு வினையில் ஒரு பத்தி எழுதச் சொல்லிப் பாருங்கள். அல்லது பட்டறை வகுப்பில் தாங்களே அராவிப் பொருத்திய இரும்புத் துண்டைப் பற்றி எழுதட்டும். எதைச் செய்தோமோ அதை எழுதுகிறபோதுதான் ‘பிறகு’, ‘அதற்குள்’, ‘அதுவரை’ போன்ற இணைப்புகள் உயிரோடு வரும்.

2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் முதல் பருவ ஆங்கிலத் தாளின் இரண்டாவது அலகைத் திருப்பிப் பாருங்கள். வாசிப்புக்கு உரியவற்றில் வாழ்க்கை வரலாறு, பயணக் கட்டுரை இவற்றோடு இலக்கியப் பகுதிகள் என்றும் இருக்கிறது. வாழ்க்கை வரலாறு என்றால் வழக்கமாகப் படிக்கும் அதே நாலைந்து பெரியவர்கள்தானா வேண்டும்? எம்-டூவில் பல காலம் இருந்த க்ரீன் தேற்றத்தின் சொந்தக்காரர் ஜார்ஜ் க்ரீன், நாட்டிங்ஹாம் அருகே காற்றாலையில் மாவரைத்துக்கொண்டிருந்தவர். பள்ளியில் படித்தது மிகக் கொஞ்ச காலம். 1828ல் தன் ஆய்வை முன்பணச் சந்தா சேர்த்துத் தானே அச்சிட்டார். வாங்கியவர்கள் சுமார் 50 பேர். நாற்பது வயதில் கேம்பிரிட்ஜில் இளநிலை மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 1841ல் இறந்தார். அவர் எழுதியதன் மதிப்பை உலகம் அறிந்தது அதன் பிறகுதான். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்தக் கதை எவ்வளவு நெருக்கமானது என்று யோசியுங்கள். தேற்றத்தின் பெயரில் இருப்பவர் ஒரு மனிதர் என்று தெரிந்த பிறகு அந்தப் பிள்ளை அதை வேறு மாதிரி படிக்கும்.

இலக்கியப் பகுதிக்கு வருவோம். உங்களை எங்கே அழைத்துப் போக வேண்டும் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

போர்ஹெஸ் 1941ல் எழுதிய பாபேல் நூலகம் என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்பானிய மொழிக் கதை. ஆங்கில மொழிபெயர்ப்பு சில பக்கங்கள்தான். முடிவற்றதாகத் தோன்றும் ஒரு நூலகம். ஒவ்வொரு நூலும் 410 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்குச் சுமார் 80 எழுத்து. மொத்தம் 25 குறிகள். அந்தக் குறிகளால் எழுதக்கூடிய எல்லா நூலும் அங்கே இருக்கிறது. இதை வகுப்பில் வாசித்துவிட்டு, எத்தனை நூல் என்று கேளுங்கள். ஒரு நூலுக்கு 13,12,000 எழுத்து. 25ஐ அத்தனை தடவை பெருக்க வேண்டும். மடக்கை எடுத்தால், அந்த எண்ணை எழுதவே 18 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் வேண்டும் என்று வரும். பிள்ளைகள் கணக்கை உடனே போட்டுவிடுவார்கள். கதையைப் புரிந்துகொள்வது அதற்குப் பிறகுதான் தொடங்கும்: இத்தனை நூல்களில் பொருளுள்ள ஒரு வரியைத் தேடி ஒருவன் ஆயுள் முழுக்க அலைவது என்றால் என்ன? எல்லாம் எழுதப்பட்டுவிட்ட இடத்தில் எழுதுவதற்கு என்ன மிச்சம்? அந்த விவாதத்தை என்னால் நடத்த முடியாது, உங்களால் முடியும்.

அடுத்த வகுப்பில், எழுத்துகள் ஏன் அப்படித் தாறுமாறாக வருவதில்லை என்று கேளுங்கள். அங்கே மார்க்கோவ் வருவார். கணினிப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய நிகழ்தகவு, வரிசைக் கோட்பாடு தாளில் மார்க்கோவ் சங்கிலி உண்டு. காரிலோ ரயிலிலோ அலுவலகம் போகும் ஒருவர், அடுத்தடுத்து இரண்டு நாள் ரயிலில் போகமாட்டார், முதல் நாள் பகடையில் ஆறு விழுந்தால், விழுந்தால் மட்டுமே, காரில் போனார் என்ற கேள்வி தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதைப் போட்ட பிள்ளைகளில் மிகச் சிலருக்கே தெரிந்த செய்தி, மார்க்கோவ் தன் சங்கிலியைச் சோதித்துப் பார்த்தது ஒரு கவிதையில் என்பது. 1913ல், புஷ்கினின் யெவ்கெனி ஒனேகின் என்ற செய்யுள் நாவலிலிருந்து முதல் 20,000 எழுத்தை எடுத்து, ஒவ்வொன்றும் உயிரா மெய்யா என்று எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. ஆக ஓர் எழுத்து உயிராக இருக்கும் வாய்ப்பு 0.432. எழுத்துகள் ஒன்றையொன்று சாராமல் வந்தால், உயிருக்குப் பின்னும் அதே 0.432 வாய்ப்பில்தான் இன்னோர் உயிர் வர வேண்டும். அவர் எண்ணியபோது வந்தது 0.128. மெய்க்குப் பின் உயிர் வரும் வாய்ப்போ 0.663. முன்னால் நின்ற எழுத்து அடுத்த எழுத்தைப் பாதிக்கிறது. அப்படிச் சார்ந்து வருபவற்றிலும் நீண்ட கால சராசரி நிலைத்து நிற்கிறது என்பதே அவர் காட்ட விரும்பியது. நிகழ்வுகள் சார்பற்றவையாக இருந்தால்தான் அந்தச் சராசரி நிலைக்கும் என்று வாதிட்ட ஒருவருக்கு அவர் சொன்ன பதில் அது. நமது ‘தான்’ அங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். எந்த மெய்யெழுத்துக்குப் பின் எந்த மெய் வரலாம் என்று தொல்காப்பியம் நூன்மரபிலேயே விதித்திருக்கிறது. மெய்ம்மயக்கம் என்று பள்ளியில் பெயரைப் படித்து மறந்திருப்போம். தமிழ்ச் சொல்லுக்குள் க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. ர், ழ் இரண்டும் பிறவற்றோடு சேரும், தம்மோடு சேரா. ட் என்றால் ட, க, ச, ப நான்கில் ஒன்று வரலாம்: பட்டம், வெட்கம், மாட்சி, நுட்பம். இதை 18 நிரை, 18 நிரலாக எழுதிப் பாருங்கள். க் நிரையில் ஓரிடத்தில் 1, மற்ற 17 இடங்களிலும் பூச்சியம். ர், ழ் நிரைகளில் மூலைவிட்டத்தில் பூச்சியம். மார்க்கோவின் மாறுதல் அணிக்கு வேண்டிய சட்டகம் அப்படியே இருக்கிறது. எங்கே பூச்சியம் என்பதை இலக்கணம் சொல்லிவிட்டது. மற்ற இடங்களில் எவ்வளவு என்பதை எண்ணித்தான் அறிய வேண்டும். ஒரு நாளிதழ்ப் பக்கத்தை எடுத்து எண்ணச் சொல்லுங்கள். பக்தி, சக்தி என்று வடசொற்கள் வந்ததும் க் நிரையின் 1 குறையும். ஒரு மொழிக்குள் இன்னொரு மொழி எவ்வளவு வந்திருக்கிறது என்பதற்கு அந்தக் குறைவே ஓர் அளவு. இந்தப் பயிற்சியைக் கணக்கு வகுப்பு என்பதா, மொழி வகுப்பு என்பதா, எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் அதில் மூழ்குவார்கள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இதைத் தொடர்ந்து போனால் 1948க்கு வந்துவிடலாம். அந்த ஆண்டு கிளாட் ஷானன், இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்குவதில் தொடங்கி, இரண்டிரண்டாக, மும்மூன்றாக, பிறகு சொல் சொல்லாக முந்தையதைச் சார்ந்து அடுத்ததைத் தேர்ந்தெடுத்தால், வரும் வரிசை படிப்படியாக ஆங்கிலம் போல ஆகிவிடுவதைக் காட்டினார். இன்று உங்கள் பிள்ளைகளின் கைபேசியில் இருந்துகொண்டு அசைன்மென்ட் எழுதித் தரும் எந்திரங்கள் அந்தச் சிந்தனையின் தூரத்து வாரிசுகள். மிகவும் சிக்கலானவைதான், என்றாலும் முன்னால் வந்தவற்றைப் பார்த்து அடுத்தது எதுவாக இருக்கலாம் என்று கணிப்பதே அவற்றின் அடிப்படை வேலை.

இதை நீங்கள் பிள்ளைகளுக்குத் திறந்து சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். எந்திரம் எழுதிய மின்னஞ்சலைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதில் உங்கள் இளமையைச் செலவழிக்காதீர்கள். அது எப்படி எழுதுகிறது என்று அவர்களுக்கு விளங்கட்டும். பிறகு வாரத்துக்கு ஒருமுறை, வகுப்பிலேயே, பேனாவால், அரைப் பக்கம் எழுதட்டும். பொருள் அவர்கள் மட்டுமே பார்த்ததாக இருக்கட்டும்: காலையில் வந்த பஸ், ஊர்க் கண்மாய் நிரம்பிய வருடம், அம்மா வேலை செய்யும் இடம். பிழையோடு வரட்டும். பிழைகளைச் சிவப்பு மையால் நிரப்பாமல், ஓரிடத்தில் மட்டும் நின்று, இங்கே என்ன சொல்ல நினைத்தாய் என்று எழுதிக் கேளுங்கள். 60 பேர் வகுப்பில் இது பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும். பாதிப் பேரை ஒரு வாரம், மறுபாதியை அடுத்த வாரம் என்று பாருங்கள்.

அதே அரைப் பக்கப் பழக்கத்தைக் கணக்குக்கும் கொண்டுவர முடியும். எங்கள் விடைத்தாள்களில் வாக்கியமே இருக்காது. அம்புக்குறி, மூன்று புள்ளி, சமக்குறி, மறுபடி அம்புக்குறி. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஏன் போனோம் என்பது காற்றில் கரைந்திருக்கும். பக்கத்து மேசைக் கணக்கு ஆசிரியரிடம் பேசி, மாதம் ஒரு கணக்கை முழு வாக்கியங்களில் எழுதச் செய்து, இருவரும் அதே தாளைத் திருத்துங்கள். அவர் தர்க்கத்தைப் பார்க்கட்டும், நீங்கள் வாக்கியத்தைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் வாக்கியம் இடறும் இடமும் தர்க்கம் இடறும் இடமும் ஒன்றாக இருப்பதைக் காண்பீர்கள். பொறியியல் மாணவர்களுக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று யாராவது கேட்டால், கோஷியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லை, தொடர்ச்சி இவற்றுக்குத் துல்லியமான அடித்தளம் போட்ட அவருடைய 1821ஆம் ஆண்டுப் பாடநூல், பாரிஸின் எகோல் பாலிடெக்னிக்கில் பொறியாளர்களாகப் போகும் மாணவர்களுக்கு நடத்திய பாடத்திலிருந்து வந்தது. இது மிகை என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். அவர் எழுதியது இன்றுவரை நிற்கிறது.

ராமானுஜனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் சொல்வார்கள். ராமானுஜனே இங்கிலீஷில் ஃபெயில் சார் என்று பெருமையாகவே சொல்வார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவர் உதவித்தொகையை இழந்ததும், பிறகு பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேற முடியாததும் உண்மை. அந்தக் கதையை அங்கேயே நிறுத்தவிடாதீர்கள். 1913 ஜனவரியில் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போனது. 1914ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். அடுத்த ஆண்டே உயர் பகு எண்கள் பற்றிய நீண்ட ஆய்வுக் கட்டுரை லண்டன் கணிதக் கழக இதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தேர்வில் தோற்றவர் தன் சிந்தனையை இன்னொரு மொழியில் படிப்படியாக விளக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். சொல்வதற்கு ஒன்று இருந்தது, கேட்பதற்கு அக்கறையுள்ள ஆள் இருந்தார். பிள்ளைகளுக்கு நீங்கள் அந்த ஆளாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கோப்பு வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சி.ஓ.–பி.ஓ. மேப்பிங், நாக், என்.பி.ஏ. எல்லாம் வரும். வந்த அன்றே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் வாசிப்பு நேரத்தைத் தின்றுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மாணவர் சேர்க்கைக்கு ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பும் கல்லூரிகள் இருக்கின்றன. அது ஆசிரியர் வேலை இல்லை என்பதே என் கருத்து. ஆனால் குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கும்போது எதை மறுப்பது, எதைத் தாங்கிக்கொள்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் சொந்த வாசிப்பை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிளேஸ்மென்ட் பயிற்சி என்ற பெயரில் குழு விவாதக் குறிப்புகளையே வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்து, பத்து ஆண்டில் ஒரு நாவல்கூடப் படிக்காமல் போன நல்ல ஆங்கில ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய குரலிலேயே அந்த வறட்சி தெரியும். நீங்கள் நடத்துவது மின்னஞ்சலாக இருந்தாலும், நேற்றிரவு நல்ல உரைநடை படித்துவிட்டு வந்தவர் நடத்தும் மின்னஞ்சல் வேறு. வருடத்துக்கு ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படியுங்கள்.

பிஎச்.டி. எதில் செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஏதாவது ஒரு நாவலாசிரியரில் ஏதாவது ஒரு கோட்பாட்டைப் பொருத்தும் தலைப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். அவசரப்பட்டு எடுக்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தையே பாருங்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் ஆனர்ஸ் பட்டம் பெற்ற ஜே.எம். கூட்ஸி, 1962ல் லண்டனில் ஐ.பி.எம். நிறுவனத்தில் புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்துவிட்டு அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், சாமுவேல் பெக்கெட்டின் ஆங்கிலப் புனைகதை நடையைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து 1969ல் முனைவர் பட்டம் பெற்றார். 2003ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவரைப் போல ஆகுங்கள் என்று சொல்லவில்லை. தமிழ் வழியில் படித்த பொறியியல் மாணவர் ஆங்கிலத்தில் ஒரு நிபந்தனை வாக்கியத்தை எப்படி வாசிக்கிறார் என்ற ஒரு கேள்வியே ஆய்வுக்குப் போதுமான அளவு பெரியது. அதற்கான தரவு ஒவ்வொரு இன்டர்னலிலும் உங்கள் மேசைக்கு வருகிறது. புள்ளியியல் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பரவற்படி, முக்கியத்துவச் சோதனை என்று பயப்பட வேண்டாம்.

முதல் இன்டர்னல் முடிந்ததும், நிபந்தனை வாக்கியம் வரும் இரண்டு கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே கேள்வியை ஒரு பாதிக்குத் தமிழிலும் மறு பாதிக்கு ஆங்கிலத்திலும் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் பாதிகளை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு விடைகளை எனக்கு அனுப்புங்கள். நாளிதழில் க் நிரையை எண்ணிய கணக்கையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். எந்த நாளிதழ், எந்தப் பக்கம் என்று மேலே எழுதச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்